எட்டுக்கு எட்டு

பதினொரு நொடிப் படம்.
ஏழு போன் தாண்டி
ஒவ்வொரு போனிலும் கொஞ்சம் இளைத்து
ஐந்து ரோடு மாடியில் என் மேசைக்கு வந்தது.
கொண்டுவந்தவர் சடையம்மா, வாழவந்திக்காரர்.
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிய தலைச்சுற்றலில்
நாற்காலியைப் பிடித்தபடி நின்றார்.

"தராசுல என்ன போட்டிருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லு கண்ணு.
முப்பத்தெட்டு.
ரைட்டரு முப்பத்துமூணுன்னு எழுதிட்டாரு."

அஞ்சு கிலோ காப்பிப் பழம்.

நிறுத்திப் பெரிதாக்கினேன்.
எட்டுக்கு எட்டுப் புள்ளியாய்க் கட்டங்கள்,
குளியலறையில் ஓடு பதித்த மாதிரி.
பின்னால் மூடுபனி, படிக்கட்டாய் வெட்டிய சாம்பல்.
சிவப்புதான் முதலில் கெடும்.
படத்தை நசுக்குகிற நிரல்
வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்ளும்,
நிறத்தை அள்ளி எறியும்.
பழமும் சிவப்பு, தராசின் எண்ணும் சிவப்பு.
இரண்டும் ஒரே குழம்பு.

என்னிடம் ஒரு நரம்பு வலை இருக்கிறது,
போன மழைக்காலம் முழுக்கப் படிக்கவைத்தது.
தெளிந்த படம் ஒன்று, அதையே நசுக்கியது ஒன்று,
இதிலிருந்து அதற்குப் போ, போ என்று
இணை இணையாக ஊட்டினேன்.
முதல் மாதம் பனியைக் குப்பை என்று துடைத்துவிட்டது.
டிசம்பர் காலை ஏழு மணிக்கு
லேடீஸ் சீட்டிலிருந்து சேலம் பளிச்சென்று தெரிந்தது!
அப்புறம் நானே கேமராவோடு மேலே போய்
மூன்று நாள், வெறும் பனியாக, எடுத்துவந்தேன்.
சளி பிடித்ததுதான் மிச்சம் என்றாள் அறைத்தோழி.
இப்போது அதற்குப் பனி தெரியும்.
தராசு தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை.

ஓட்டினேன்.
மின்விசிறியை மீறி இயந்திரம் இரைந்தது.
கட்டங்கள் கரைந்தன.
சாக்கில் சணல் இழை இழையாய் எழுந்தது.
சில்வர் ஓக் இலைக்கு முதுகு வெளுத்தது.
தராசில் 38.
சடையம்மா கும்பிட்டார்,
திரையையா என்னையா, தெரியவில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.
ஆனால் பழக்கம்.
செவ்வாய்க்கிழமை சேமித்த எடைகளையும் போட்டுப் பார்ப்பேன்.
ஆமாம், எடைகள்.
வலைக்குள் இருப்பவற்றுக்கும் அதே பெயர்தான்.
நாற்பது லட்சம் தசம எண்கள்,
ஒரு பழத்தைக்கூட நிறுத்தறியாதவை.
செவ்வாய்க்கிழமை எடைகள் சொன்னது
33.
அதே தெளிவு.
அதே துணிச்சல்.

எட்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
இடப்பக்கம் இரண்டே கோடு.
வந்த படத்தில் அந்த இடத்தில்
கட்டம் முழுக்க ஒரே பழுப்பு.
அதற்குள் யாரும் எதையும் ஒளித்துவைக்கவில்லை.
இல்லாததைத்தான் அது இவ்வளவு அழகாக வரைந்திருக்கிறது.

சொன்னேன்.
கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.
"அப்ப இது பாத்துச் சொல்லல. நெனச்சுச் சொல்லுது."
"ஆமாங்க."
"ரைட்டரும் அப்படித்தான்."

பிறகு சுத்தமான படத்தில் விரலை வைத்தார்.
"இது யாரு கை?"
அவர் கைதான்.
பழக்கறை படிந்த விரல்கணுக்களை
இரைச்சல் என்று எண்ணி
மழமழவென்று வழித்துவிட்டிருந்தது வலை.
கட்டம் கட்டமாயிருந்த பழைய படத்தில்
அந்தக் கறுப்பு, மங்கலாக, இருந்தது.

"முதல்ல எடுத்தது யாரு?"
"நாத்தனா மவன் சீரங்கன். இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனில."
"போன் மாத்திட்டானா?"
"கண்ணாடி ஒடஞ்சு போச்சு, மாத்தக் காசில்லன்னான்."
நல்லவேளை, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

பட்டன் போனில் எண்களை ஒவ்வொன்றாய் அழுத்தினார்.
மணி போய்க்கொண்டே இருந்தது.
கீழே ஓமலூர் பஸ்ஸின் ஹாரன்.
"எடுத்தா, வீடியோவா அனுப்ப வேணாம்,
டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க.
அப்பத்தான் நசுங்காம வரும்."

"டாக்குமென்ட்டுன்னா? பத்திரமா?"

"ஆமாங்க," என்றேன்,
"பத்திரமா."