புலவாயோவில் வைத்த புள்ளிகள்

ஓட்டம் இல்லாத பந்துக்கு
ஸ்கோர் புத்தகத்தில் ஒரு புள்ளி.
வென்ற அணிக்குத் தருவதையும்
என் மொழியில் புள்ளி என்றே சொல்கிறோம்.
சித்தபிலே ம்லோட்ஷ்வாவுக்கு இந்தக் குழப்பம் இல்லை.
அவளுக்கு அவை வேறு வேறு சொற்கள்,
ஒன்று தினமும் கைக்கு வருவது,
மற்றது செய்தியில் படிப்பது.

நீலப் பென்சில் ஒரு பந்துவீச்சாளனுக்கு,
பச்சை இன்னொருவனுக்கு,
சிவப்பு, ம்பெகெசெலி ட்ஷூமாவுக்கு மட்டும்.
முப்பத்துமூன்று வயது. பதினான்காவது டெஸ்ட்.
அவன் பந்தை விலாவில் வாங்கி
மட்டையில் சாய்ந்து மூச்சுவிடும் இளைஞனுக்கு
இருபத்துநான்கு. இது நாற்பத்தொன்றாவது.
இருவரும் ஒரே ஆண்டில்தான் தொடங்கினார்கள்.

ஆகஸ்ட். குளிர்காலத்தின் வால்.
மைதானத்தைச் சுற்றி ஜக்கரண்டாக்கள்
பூவின்றி நிற்கின்றன.
அவை ஊதாவாகக் கொட்டும் அக்டோபரில்
இங்கே வந்து ஆட எவரிடமும் தேதி இல்லை.
பிறர் கழித்துப்போட்ட வாரங்கள்தான்
இந்த ஊர் வரைக்கும் வரும்.
வண்டியை அணைக்காமல் வாசலில் நின்று
நலம் விசாரிக்கும் உறவினர் மாதிரி
இரண்டு டெஸ்ட், பதின்மூன்று நாள், விமானம்.
முதல் மூன்று வேகப்பந்து வீச்சாளர்கள் வரவேயில்லை.
கணக்கில் சேரும் தொடருக்காகத்
தோள்களைச் சேமிக்கிறார்களாம்.

ஐந்தாம் நாள் மதியம் மின்சாரம் போயிற்று.
187க்கு 6 என்று சொல்லிக்கொண்டே
மின்பலகை கண் மூடியது.
பெட்டிக்குள் இரண்டு பென்சில்கள் நிற்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் லெய்ட்டன் பர்டி.
டனிடினிலிருந்து அணியோடு வந்தவர்,
முப்பது வருடம் காப்பீட்டுக் கணக்கர்.
ஓவருக்கு ஓவர் இருவரும்
கூட்டுத்தொகையைச் சத்தமாகச் சொல்லி ஒத்துப்பார்ப்பார்கள்.
இவள் புத்தகமும் அவர் புத்தகமும் பொருந்தாவிட்டால்
இருவரும் சேர்ந்தே தவறைத் தேடவேண்டும்.
அந்த மேசையில் அப்படித்தான் சட்டம்.

தேநீர் இடைவேளையில் அவர் விளக்கினார்:
"வெற்றிக்குப் பன்னிரண்டு, டிராவுக்கு நான்கு.
ஐந்து ஆடுகிறவனும் இரண்டு ஆடுகிறவனும்
சமமாக வேண்டுமே? அதனால்
எடுத்ததை, எடுத்திருக்கக்கூடியதால் வகுக்கிறோம்.
சதவீதம். நியாயமான ஏற்பாடுதான்."

ரஸ்க்கைத் தேநீரில் நனைத்தபடி கேட்டாள்:
"எங்களுக்கு?"
"நீங்கள் அந்த ஒன்பதில்..."
"இல்லை. தெரியும்.
எடுத்தது பூஜ்யம். எடுத்திருக்கக்கூடியதும் பூஜ்யம்.
வகுத்துச் சொல்லுங்கள்."

பர்டி கண்ணாடியைக் கழற்றினார்.
துடைத்தார். போட்டுக்கொண்டார்.
"அதற்கு விடை
பூஜ்யம்கூட இல்லை."
ரஸ்க் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.

ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது
வேலியோரச் சுவரெங்கும் பள்ளிச் சீருடைகள்.
நிழல் ஆடுகளத்தைப் பாதி தின்றுவிட்டது.
கடைசி ஓவர். ட்ஷூமா.
முதல் பந்து காலுறையில். நடுவர் தலையசைக்கவில்லை,
அசையவே இல்லை. சிவப்புப் புள்ளி.
அடுத்தது விளிம்பைத் தொடாமல் விக்கெட் கீப்பரிடம். புள்ளி.
மட்டையின் நடுவில். புள்ளி.
மட்டையின் நடுவில். புள்ளி.
ஐந்தாவதுக்கு ஸ்லிப்பில் ஒருவன் முழுநீளம் பாய்ந்தான்,
புல்தான் கிடைத்தது. புள்ளி.
ஆறாவதுக்கு சித்தபிலே பார்க்கவில்லை.
சுவரில் இருந்தவர்களின் சத்தம் பாதியில் நின்றதைக் கேட்டு
புள்ளி வைத்தாள்.
ஆறையும் கோட்டால் இணைத்தாள். மெய்டன்.

டிரா. நாலு, நாலு,
எங்காவது எழுதுவதாக இருந்தால்.
ஓவர்கள் தாமதமாம்.
கழிக்கப் புள்ளி இல்லாததால்
சம்பளத்தில் கழித்தார்கள்.
எதிரணித் தலைவர் மைக்கில் சொன்னார்,
நல்ல பயிற்சி.

முப்பத்தொரு ஓவர், நூற்று நாற்பத்தொன்பது சிவப்பு.
இருமுறை எண்ணினாள். பர்டியும் எண்ணினார்.
நூற்று நாற்பத்தொன்பது.

என் மொழியில் தலையில் புள்ளி ஏறிய எழுத்துக்கு
உயிர் கிடையாது.
அதன் பெயர் மெய்.
உடம்புக்கும் அதே சொல், உண்மைக்கும்.

கீழே படிக்கட்டில்
தோளில் பனிக்கட்டிப் பையோடு ட்ஷூமா.
தண்ணீர் சொட்டுகிறது,
சிமெண்டில்,
ஒவ்வொன்றாக.