கசிவு கேட்பவன்

இரவு இரண்டு மணி.
திபிலீசி நகரின் ஸொலொலாக்கிச் சரிவில்
கடைசி டாக்சியும் இறங்கிப் போனபின்
என் வேலை தொடங்கும்.

நெஞ்சளவு உயர இரும்புக் கோல்,
மேல்முனையில் மரக்குமிழ்.
கீழ்முனையைக் குழாயின் வால்வில் ஊன்றிக்
குமிழில் காதை வைத்தால்
மண்ணுக்கடியில் நீர் ஒழுகும் இடம் தெரியும்.
சிறு விரிசல் சீறும்.
பெரிய உடைப்பு முனகும்.
அதிகம் உடைந்ததற்குக் குரல் எப்போதும் தாழ்வுதான்.
முப்பத்தோராண்டாய் இந்தச் சத்தத்தில்தான் எங்கள் ரொட்டி.

பேசோ சரக்கு லாரியில் தொற்றிக்கொண்டு
போலந்துக்கு வேலைக்குப் போனான்.
ஈஸ்டருக்கு முந்தின வாரம் பேசினான்:
குளிர், கையுறை கிழிந்துவிட்டது,
அனுப்ப வேண்டாம், வாங்கிக்கொள்கிறேன்.
அவ்வளவுதான்.
இப்போது திராட்சை பறித்து முடித்தாயிற்று.
மாக்வாலா போனை ரொட்டிப் பெட்டியின்மேல்
மின்சாரத்தில் செருகியே வைத்திருக்கிறாள்.
எப்போது பார்த்தாலும் நூறு சதவீதம்.

ஜெபிக்காமல் இல்லை.
மெழுகுவர்த்தி எத்தனை என்று கடைக்காரியைக் கேளுங்கள்.
ஒருநாள், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்,
இந்தக் கோலை எடுத்துப்போய்
கோயில் சுவரிலேயே ஊன்றிக் கேட்டேன்.
எலி ஓடியது. சுண்ணாம்பு உதிர்ந்தது.
ஃபாதர் ஷியோ பார்த்துவிட்டார்.
ஒன்றும் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.
அவர் செய்ததிலேயே நல்ல பிரசங்கம் அது.

வேலையில் சேர்ந்த வாரமே பிடிபட்ட விஷயம்:
நல்ல குழாய் பேசாது.
நீர் போய்க்கொண்டேதான் இருக்கும்,
ஒரு நகரமே குடிக்கும், சத்தம் வராது.
அப்படியானால் கர்த்தர் பேசாததும்
என்று தொடங்கிப் பார்த்தேன்.
பாதியில் விட்டேன்.
மகனின் குரல் வராத வீட்டில்
பரிமாறக்கூடிய பண்டமா அது?

நேற்று, மேல்தெருவில்,
தாழ்ந்த ஒரு முனகல். பெரிய உடைப்பு.
பத்தடி தள்ளிப் போனேன், அதே அளவு.
அடுத்த வால்வு, அதே அளவு.
கூடவில்லை, குறையவில்லை.
கோலைத் தூக்கிப் பிடித்தேன்.
முனகல் நிற்கவில்லை.
என் தொண்டையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

காதில் மஞ்சள் வில்லை குத்திய தெருநாய்
தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது.
நான் அசையவில்லை.
கேட்பவன் எப்படி நிற்பான் என்று எனக்குத் தெரியும்.
மூச்சைப் பிடித்துக்கொள்வான்.
செருப்பைக்கூடத் தேய்க்கமாட்டான்.
கூப்பிட்டாலும் பதில் சொல்லமாட்டான்,
ஒரு சொல் போதும், சத்தம் தவறிப்போகும்.
எனக்கு மேலே அப்படி ஒருவர்
காதை ஊன்றி நிற்கிறாரோ என்று தோன்றியது.
தோன்றியது, அவ்வளவுதான்.
கையெழுத்துப் போட்டுத் தரமாட்டேன்.

கசிவின்மேல் நீலச் சாயத்தில் குறியிடுவது வழக்கம்.
பையிலிருந்து எடுத்து
நான் நின்ற கல்லின்மேல் ஒன்று இட்டேன்.
காலையில் தோண்ட வருகிறவர்கள்
காய்ந்த மண்ணைப் பார்த்துத் திட்டட்டும்.

வீட்டில் மாக்வாலா விழித்திருந்தாள்.
பெட்டியின்மேல் நூறு சதவீதம்.
"ஏதாவது கேட்டதா?" என்றாள், தினமும் போல.
"கேட்கிறாற்போல் இருக்கிறது" என்றேன்.
யார் என்று நான் சொல்லவில்லை,
அவளும் கேட்கவில்லை.