நாற்பத்திரண்டாவது நோட்டு

தெருவுக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.
பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து:
டெல்ஃபின் ரால்ஸ் அவென்யூ.
மேயர் ரிப்பன் வெட்டிய படம்
டொலீடோ முழுக்கப் பேப்பரில் வந்தது.
அடுத்த ஜூனில்
அந்தத் தெருவின் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்.

நான் அவரைப் பார்த்ததில்லை.
டயாலிசிஸ் வார்டில், ஏழாம் நாற்காலி லெமுவேல்
ஊசி ஏறும்போது வலி தெரியாமலிருக்கச் சொல்வார்:
சலவைக்கூடத்தில் வேலை அவளுக்கு.
எங்களை ஏற்றாமல் போன பஸ்ஸையெல்லாம்
பள்ளிக்கூட நோட்டில் எழுதிவைத்தாள்.
தேதி, மணி, வண்டி எண்,
நின்றவர் எத்தனை, அதில் பிள்ளைத்தாய்ச்சி எத்தனை.
கோஷம் போடத் தொண்டை கிடையாது.
பதினோரு வருஷம், நாற்பத்தொரு நோட்டு.
நீதிபதி முன்னால் இறக்கியபோது
மேஜை முனகியது.

ஒரு புதன்கிழமை லெமுவேல் வரவில்லை.
வெள்ளியன்று வந்தார்,
கால் வீங்கி, மூச்சு இரைத்து.
இரண்டு மைல், நடக்க முடியவில்லை என்றார்.
அன்று மாலை டாலர் கடையில்
ஒரு நோட்டு வாங்கினேன்.
சபதம் எதுவும் இல்லை.

கம்பத்தைப் பிடுங்கிய குழிக்குப் பக்கத்தில்
காலை ஐந்தே முக்காலுக்கு நிற்கிறோம்.
சல்மா ஹத்தாத் பிளாஸ்க்கோடு வருவாள்,
கசப்புக் காப்பி, ஏலக்காய் மட்டும் தாராளம்.
ஒருநாள் விரல் விறைத்து
என்னை அறியாமல் தமிழில் எழுதிவிட்டேன்.
அடிக்கப் போனேன். கையைப் பிடித்தாள்.
விடு, ஆள் வைத்துப் படிக்கட்டும்.

நகரசபையில் ஆளுக்கு மூன்று நிமிடம்.
நெஞ்சில் கைவைத்து ஓர் உறுப்பினர்
ரால்ஸ் அம்மையாரை நினைவுகூர்ந்தார்.
நான் பேசவில்லை, படித்தேன்.
ஜனவரி ஆறு. பதினாலு பேர். ஒரு சக்கர நாற்காலி.
ஜனவரி ஏழு. பன்னிரண்டு பேர்.
ஒருத்திக்கு வேலை போயிற்று, இனி வரமாட்டாள்.
சிவப்பு விளக்கு எரிந்தபோது
நான் பிப்ரவரியில் இருந்தேன்.

லெமுவேல் எழுந்து நோட்டை வாங்கி
தன் மூன்று நிமிடத்தில்
விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.
பாதியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.
இருந்த இடத்திலிருந்தே சொன்னேன், எழுதியபடியே:
பனி. ஒன்பது பேர். யாரும் திரும்பிப் போகவில்லை.
மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
மார்ச்சை சல்மா படித்தாள்.

பஸ் இன்னும் வரவில்லை.
பரிசீலனை என்கிறார்கள்.
நோட்டில் இரண்டு பக்கம்தான் மிச்சம்.
நாளைக்கு டாலர் கடைக்குப் போகவேண்டும்,
நடந்துதான்.