மறுஎடை

தாளில் எல்லாம் நன்றாகவே இருந்தது.
அதுதான் உறுத்தியது.

கொறங்காட்டுப்புதூர் அங்கன்வாடி,
முப்பத்தொரு குழந்தைகள், ஆறு மாத எடை.
ஒன்பதரை, பத்து, பத்தரை, பதினொன்று.
புள்ளிக்குப் பின்னால்
ஐந்தும் பூஜ்யமும் மட்டுமே குடியிருந்தன.
மூன்றுக்கும் ஏழுக்கும்
அந்த ஊரில் வாடகைக்குக்கூட வீடு கிடைக்கவில்லை போல.
சித்திரையில் அம்மை போட்ட பிள்ளையும்
மாதம் தவறாமல் ஏறியிருந்தது,
வட்டி ஏறுவதைப் போல.

வெள்ளகோவில் கொப்பரைக் களத்தில்
முத்திரை குத்திய ஐந்து கிலோக் கல்லை
இரவல் வாங்கி, சாப்பாட்டுப் பைக்கு அடியில் வைத்து
மொபெட்டை விரட்டினேன்.
கிளுவை வேலிக்குள் ஒரு மயிலை மாடு
நிமிர்ந்து பார்த்தது.
கணக்கெடுக்க வந்த ஆள் என்று தெரிந்ததும்
மறுபடி புல்லுக்குக் குனிந்துகொண்டது.

கல்லை வைத்தேன்.
ஐந்து கிலோ நானூறு என்றது தராசு.
எடுத்து வைத்தேன். ஐந்து இருநூறு.
மூன்றாம் தடவை ஐந்து நானூற்றைம்பது.
பொய்தான் சொல்கிறது, சரி,
ஒரே பொய்யைச் சொல்லவும் தெரியவில்லை அதற்கு.

"ரெண்டு வருசமா இப்பிடித்தானுங் சார்"
என்றார் தெய்வாத்தாள் டீச்சர்.
"மூணு மனு போட்டாச்சு.
செல்லுல செவப்பு விழுந்தா அன்னிக்கே போன் வருது.
தராசுக்குன்னு ஒருத்தரும் கூப்புடலீங்க."

தராசு காட்டும் எண்ணைப் பார்ப்பாராம்,
பிள்ளையின் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடிப்பாராம்,
இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் எழுதுவாராம்.
தப்புத்தான்.
ஆனால் அந்த இரண்டு விரலை
எந்தக் கட்டத்தில் பதிவது?

திரும்பும் வழியில் நூல்மில் சுவரோரம்
தகரக் கூரை வரிசை.
வாளிக்குள் உட்கார்ந்து குளிக்கும் ஒன்று,
கோன் அட்டையை மூக்கில் மாட்டிய ஒன்று.
எண்ணினேன், ஒன்பது.
ஓடிப்போய்த் திரும்பி வந்தபோது பதினொன்று.
பெயர் கேட்டேன். லிப்ஸா என்றாள் ஒருத்தி.
ஊர் கேட்டதற்கு மில்லைக் கைகாட்டினாள்.
பதிவேட்டில் லிப்ஸா இல்லை.
தராசு சரியாகவே இருந்திருந்தாலும்
இவள் எடை பூஜ்யம்.

பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி,
கீழே இருப்பது பகுதி என்று
ஆறாம் வகுப்பில் படித்தது.
தொகுதிக்காவது
ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆள் வரும்.
மாவட்ட அலுவலகத் திரையில்
தொண்ணூற்றாறு சதவீதம், பச்சை.
எதில் தொண்ணூற்றாறு?

படிவம் கேட்டது: பிழைக்குக் காரணம்?
பணியாளர் அலட்சியம். பயிற்சிக் குறைவு. மற்றவை.
மற்றவையைத் தொட்டேன்.
புள்ளியையும் கொம்பையும்கூடத் தனியாக எண்ணும் பெட்டி
இருபத்தைந்தோடு மூடிக்கொண்டது:
'தராசு பழுது; மில் பிள்ளைக'

முத்தூர் பேக்கரியில் டீ ஆறிக்கொண்டிருந்தது.
இதையும் எழுதிவிடுகிறேன்.
போன ஐப்பசியில் நொய்யல் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர்.
அக்கரை மையத்துக்கு நான் போகவில்லை.
இதே பெஞ்சில் உட்கார்ந்து
'சரிபார்க்கப்பட்டது' என்று அனுப்பினேன்.
மறுஎடை: பத்தரை, பதினொன்று, பத்து.
என் விரலும் ஓடிப்போய் நின்றது
ஐந்திலும் பூஜ்யத்திலும்தான்.
என்னைச் சரிபார்க்க யாரும் வரவில்லை.

இருட்டுகிற நேரம் கல்லைத் திருப்பிக் கொடுத்தேன்.
கொப்பரைக்காரர் வாங்கியதும்
தன் தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்தார்,
என் முகத்தைப் பார்க்காமல்.
எனக்குக் கோபம் வரவில்லை.
"நாளைக்கும் வேணுமுங்களா?"
வேணும் என்றேன்.
பாலத்துக்கு அந்தப்பக்கம் ஒன்று பாக்கி.