மஞ்சள் துண்டு

போடோ நகரம். பத்து மணியாகியும் விடியாத ஜனவரி.
நாற்காலியில் ஹால்வார், வாயைப் பிளந்தபடி.
முன்பற்களின் ஓரம்
கண்ணாடிபோல் தேய்ந்திருப்பதை
சுன்னிவா விளக்கடித்துப் பார்க்கிறாள்.

"தினமும் எலுமிச்சைத் தண்ணீரா?"
"ரெண்டு வருஷமாக. கல்லீரலைக் கழுவுமாம்."

கல்லீரல் என்ன பாத்திரமா, கழுவ?
கேட்கவில்லை. கொப்பளிக்கச் சொன்னாள்.

துப்பிவிட்டுச் சொன்னார்:
படகில் முப்பது வருஷம்
காப்பி, காப்பி, காப்பி.
தண்ணீரைக் கடலில்தான் பார்த்திருக்கிறேன்.
இந்த மஞ்சள் துண்டு மிதந்தால்தான்
டம்ளரை எடுக்கவே கை வருகிறது.
சிறுநீரகக் கல் அப்புறம் வரவில்லை.

பாராட்டு எலுமிச்சைக்கா, தண்ணீருக்கா?
அவளுக்கும் தெரியாது.
சீட்டில் எழுதினாள்:
குழல் வைத்துக் குடிக்கவும்.
குடித்த கையோடு பல் தேய்க்க வேண்டாம்.

நிறுத்தச் சொல்லி எழுதவில்லை.