மிச்சமான வாஷர்

கம்பெனி வேனை நிறுத்திய மாதம்தான்
ஃப்ரேம் வந்து இறங்கியது.
படத்தில் பாலைமணல் நிறம்.
பிரித்தால் சத்துமாவு.
பழைய பேப்பர் கடைத் தராசில் தொங்கவிட்டேன்:
இரண்டு கிலோ முன்னூறு.
"போட்டுடலாமா?" என்றான் கடைக்காரன்.
எடை பார்க்க மட்டும், என்றேன்.

விலை கேட்ட ஒவ்வொருவருக்கும்
ஒரு விலை வைத்திருந்தேன்.
அம்மாவுக்கு ஒன்பதாயிரம்.
நாத்தனாருக்கு, அவள் கேட்ட தொனிக்கு, பதினேழு.
கேட் செக்யூரிட்டி சகாயத்துக்கு
"பழசுங்க, சும்மா குடுத்தாங்க."
வீட்டுக்காரருக்கு மட்டும் உண்மை,
அதுவும் தவணையில்:
மாசியில் ஃப்ரேம்,
பங்குனியில் சக்கரம்,
சுங்கவரியை
அவர் நல்ல தூக்கத்தில் இருந்தபோது.

சக்கரங்கள் முத்தியால்பேட்டையில் கிடைத்தன.
டோமினிக் என்றொருவர் மூன்று வருடம்
மொட்டைமாடி மழையில் போட்டுவைத்தவை.
ஒரு ஸ்போக் குறைவு;
அதைக் காட்டி இருநூறு குறைத்தேன்.
பாண்டியிலிருந்து பஸ்ஸில்
மடியில் ஒன்று, காலடியில் ஒன்று.
கண்டக்டர் லக்கேஜ் கேட்டார்.
ரெட்டிச்சாவடி வரை வாக்குவாதம்.
பிறகு அவரே ஸ்போக்கை
எண்ண ஆரம்பித்துவிட்டார்.

கிராங்க் உட்காரும் குழியில்
வலப்பக்க மரை தலைகீழ்.
தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்க
இறுக்குவதாக நினைத்து
கழற்றிக்கொண்டிருந்தேன்,
பகலெல்லாம் பியூரெட்டைத் திருகி
அரைச் சொட்டை நிறுத்தத் தெரிந்த இதே விரல்களால்.
யாரும் பார்க்கவில்லை, பல்லியைத் தவிர.
அது உச்சுக்கொட்டியது.
பலன் பார்க்க நேரமில்லை.

சீட்டுக் கம்பி மெலிசு, குழாய் பருமன்.
நடுவில்
இரண்டு புள்ளி இரண்டு மில்லிமீட்டர் காற்று.
முதுநகரில் படகு எஞ்சின் பார்க்கும் பட்டறைக்குப் போய்
அந்தக் காற்றின் அளவைக் கொடுத்தேன்.
லேத்தில் நின்ற இருதயமேரி
"எந்த போட்டுக்குக்கா?" என்றாள்.
என் போட்டுக்குத்தான்.
சுருள் சுருளாய் அலுமினியம் உதிர்ந்து முடிந்ததும்
சூடு ஆறாத வளையத்தைத்
துப்பட்டாவில் பிடித்து வாங்கினேன்.
இந்த ஊரில் அலுமினியம் தப்பித்துவிடும்.
போல்ட்டுகளைத்தான் உப்பங்காற்று தின்னும்.
அதற்கும் அவளே ஒரு டப்பா கிரீஸ் தந்தாள்,
படகுக்குப் போடுவது,
கருவாட்டு வாசனையோடு.

கிரேவல் என்றால் ஜல்லி.
வேறு நாடுகளில் இந்த வண்டியை ஓட்டவென்றே
காரில் ஏற்றிக்கொண்டு
ஜல்லிப்பாதை தேடிப் போகிறார்களாம்.
எங்களுக்குக் கான்ட்ராக்டர்
வாசலிலேயே கொட்டிக்கொடுத்தார்:
பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி,
மூடி,
தாரை மறந்து.

காலை ஐந்து மணி. ஏ ஷிப்ட்.
கெடிலத்துப் பாலத்தில் எதிர்க்காற்று.
மீன்வண்டி சிந்திய ஐஸ்தண்ணீர்
நாற்பது மில்லி டயரில் ஏறி
என் முதுகில் ஒரு கோடு போட்டது.
(மட்கார்டு ஆடித் தள்ளுபடியில்.)
ஷேர் ஆட்டோக்கள் மேடு தேடித் தயங்கிய இடத்தில்
நான் நேரே இறங்கி
ஜல்லிமேல் போனேன்.
பல் கடகடத்தது. பிரேக் கத்தியது.
துரத்த வந்த நாய்
சத்தம் கேட்டு
யோசித்து நின்றது.

ஒன்றை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.
எல்லாம் பூட்டி முடித்த இரவு
தரையில் ஒரு வாஷர் மிச்சம்.
ஒவ்வொரு போல்ட்டாக வைத்துப் பார்த்தேன்.
எங்கேயும் இடமில்லை.
எங்கேயோ இடமிருக்கிறது.
அதை லேப் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
தினமும் இருபத்திரண்டு கிலோமீட்டர்
காதை வண்டிக்குள் வைத்து ஓட்டுகிறேன்.
எங்கே அது இல்லை என்பதை
வண்டியே ஒருநாள் சொல்லும்.
இதுவரை சொல்லவில்லை.
சிப்காட் வளைவில் மட்டும்
லேசாக ஒரு டிக்.
அது
சாவிக்கொத்தாகவும் இருக்கலாம்.