நூறு வோல்ற்

வவுனியா மில் வீதி, நஸ்லிம் நானாவின் கடை.
கப்பலில் வந்த யப்பான் சாமான்கள்:
சோறு அவிக்கிற சட்டிகள், மின்விசிறிகள்,
என்னத்துக்கோ ஒரு பல் வைத்தியக் கதிரை.
அதன் மடியில்
இரண்டு ரெக்கோட் பிளேயர்.

ஒன்று சிவப்பு. சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கலாம்.
ஸ்பீக்கர் உள்ளுக்கே. விலை பதினெட்டாயிரம்.
மற்றது சாம்பல். அம்மிக் கனம்.
ஸ்பீக்கர் இல்லை, அம்ப் இல்லை, மூடியும் இல்லை.
முப்பத்தொன்பது.
"ஊசி மட்டும் எட்டுப் பெறும், தங்கச்சி."

கையில் சீட்டுக் காசு நாற்பத்திரண்டு.
பிரிட்ஜ் வாங்கப் போகிறேன் என்று
வீட்டில் நான் சொல்லவில்லை.
அவர்களாக நினைத்தபோது
மறுக்கவும் இல்லை.

இரவு இரவாய் வாசித்திருந்தேன்.
பெல்ற் போட்டது இருந்து கேட்க நல்லது.
மோட்டர் நேரே தட்டைச் சுற்றுவது
நிறுத்த, பின்னுக்கு இழுக்க, வெட்டி எடுக்க நல்லது.
இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு வாங்குங்கள்.
இப்படி எழுதுகிறவர்கள்
எந்த ஊரில் சீட்டுக் கட்டுகிறார்களோ.

சோதிக்க என்னிடம் ஒரேயொரு தட்டு.
பரந்தன் பழைய இரும்புக் கடையில்
தகரங்களுக்கிடையே கிடந்தது, நிறுத்துத் தந்தார்கள்.
உறையில்லை. லேபிளில் பாதி எழுத்தில்லை.
வெயிலுக்குப் பிடித்தால்
குறுக்கே ஒரு கீறல் மட்டும் தெரியும்.

முதலில் சிவப்பு.
ஒரு ஆண் குரல் தொண்டையைச் செருமியது.
"அன்பார்ந்த கமக்காரர்களே,"
பசளை, அறக்கொட்டி, மடை,
கீறலில் துள்ளிய ஊசி
நேரே அறுவடையில் போய் இறங்கியது.
"பாத்தீங்களா, நிக்காமப் போகுது"
நானாவுக்குப் பெருமை.

பிறகு சாம்பல்.
மேசைக்கடியில் இருந்த ட்ரான்ஸ்போமரில் கொழுவி,
தூசி தட்டிய ஒரு அம்ப்பில் வயரைச் சொருகினார்.
அதே குரல். ஆனால் இப்போது மூச்சும் கேட்டது.
அவருக்குப் பின்னால்
யாரோ கதிரையைக் கிரீச்சிட நகர்த்தியதும்.
கீறலுக்கு வந்தது.
போகவில்லை.

மடையைத் திற, டொக்
மடையைத் திற, டொக்
மடையைத் திற

கால் தானாகத் தட்டத் தொடங்கியது.
இதன் மேல் சுகிர்தினி என்ன எழுதுவாள் என்று எனக்குத் தெரியும்:
குளம் நிரம்பிக் கதவு திறந்தும்
கடைசி வாய்க்காலுக்கு மட்டும் வராத தண்ணியை,
அதற்குக் கூட்டம் வைத்து
தேத்தண்ணி மட்டும் தந்தவர்களை.

"தட்டுப் பழுது, தங்கச்சி"
ஊசியைத் தூக்க நானா கையை நீட்டினார்.
"தொடாதேங்கோ" என்றேன்.
கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும் சத்தத்தில்.

ட்ரான்ஸ்போமர் கடையின்ரயாம்.
இது நூறு வோல்ற் சாமான்,
உங்கட கறண்டில் நேரே குத்தினால் புகைதான் வரும்.
வேறொன்று அடுத்த கப்பலில்.
அடுத்த கப்பல் எப்ப?
அவர் பல் வைத்தியக் கதிரையைப் பார்த்தார்.

பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
"இதென்ன, காஸ் அடுப்போ?" என்றார் கொண்டக்டர்.
"ஓம்."
மாங்குளத்தில் ஒரு கால் விறைத்தது,
முறிகண்டியில் மற்றது.

வட்டக்கச்சி வீட்டில்
அம்மா பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தாள்.
கதவைத் தேடினாள்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
மீன் குழம்பைச் சூடாக்கப் போனாள்.
நாளைக்குப் பழுதாகிவிடும் என்பதை
சட்டி வைத்த விதத்தில் சொன்னாள்.

இரவு. பூசாத சுவர்.
எதிலும் கொழுவாத இயந்திரம்.
தட்டை வைத்தேன், ஊசியை இறக்கினேன்,
ஓரத்தில் விரலை வைத்துத் தள்ளினேன்.
காதை ஊசிக்குக் கிட்டக் கொண்டுபோனால்
நுளம்பளவில் ஒரு மனிதர்.
விரல் களைத்தால் அவருக்கு வயது போகிறது,
தள்ளினால் மீசை முளைக்காத பொடியன்.
அன்பார்ந்த, அன்பா, அ

கேட்கிறேனா, வெட்டுகிறேனா தெரியவில்லை.
எல்லாம் ஒரு விரல்தான்.

"ஆரடி உள்ளுக்கை?"

நான் தள்ளிக்கொண்டே இருந்தேன்.
அம்மா வந்து குந்தினாள்,
கொண்டையை ஒதுக்கிக் காதைத் தாழ்த்தினாள்.
கனநேரம் அப்படியே இருந்தாள்.

"அந்தாள் என்ன, நித்திரையிலயே கதைக்குது?
கொஞ்சம் கெதியாச் சுத்து."